சின்னக் கட்டம், மூன்று எண்கள்: ஸ்காலரா, ஸ்கோபஸா, வெப் ஆஃப் சயின்ஸா?

விண்ணப்பப் படிவத்தின் ஏழாம் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. பக்கத்தில் 'எச்-இன்டெக்ஸ்' என்று அச்சடித்திருந்தார்கள். ஓர் ஆய்வாளரின் பேப்பர்களுக்குக் கிடைத்த மேற்கோள்களை வைத்துப் போடும் எண் அது. எந்தத் தளத்தில் பார்த்த எச்-இன்டெக்ஸ் என்று கேட்கவில்லை. அதற்கு மேலே 'மொத்த மேற்கோள்கள்', அதாவது மற்றவர்களின் ஆய்வுக் கட்டுரைகள் என் பேப்பர்களை எத்தனை முறை சுட்டின என்று இன்னொரு கட்டம். அதிலும் அதே கதைதான். மேற்கோள் எண்ணும் தளங்கள் மூன்று. கூகுள் ஸ்காலரைத் திறந்தேன்: 612 மேற்கோள், எச்-இன்டெக்ஸ் 14. ஸ்கோபஸைத் திறந்தேன்: 297 மேற்கோள், எச்-இன்டெக்ஸ் 9. நூலகத்தில் உட்கார்ந்து வெப் ஆஃப் சயின்ஸில் தேடினேன்: 388, 10. ஆள் ஒருவர்தான், பேப்பர்களும் அவையேதான். எண்கள் மட்டும் மூன்று.

"எது பெரிசோ அதை எழுதிட்டுப் போங்க சார்" என்றார் பக்கத்து மேசைக்காரர். அப்படி எழுதியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

முதலில் நான் என்ன ஆய்வு செய்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் குழப்பத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. நான் வேதியியல் ஆள். ஆனால் என் பேப்பர்களில் பாதி நுண்ணுயிரியல். இலைச்சாற்றை எடுத்து, வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஊற்றி, வெளிர் மஞ்சளாக இருந்தது பழுப்பாக மாறுகிறதா என்று பார்ப்போம். மாறினால் யூவி கருவியில் 420 நானோமீட்டர் பக்கத்தில் ஒரு மேடு வரும். வெள்ளி நானோ துகள் தயார். அப்புறம் அதை ஐஸ் பெட்டியில் வைத்து நுண்ணுயிரியல் துறைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அங்கே சக ஆசிரியை ஒருவர் பாக்டீரியா வளர்க்கும் முல்லர்-ஹின்டன் அகார் தட்டில் ஈ.கோலை பாக்டீரியாவைத் தடவி, நம் மருந்து ஊறிய வட்டக் காகிதத்தை வைத்து, இன்குபேட்டரில் ஓர் இரவு விடுவார். காலையில் காகிதத்தைச் சுற்றிப் பாக்டீரியா வளராத வளையம் எத்தனை மில்லிமீட்டர் என்று ஸ்கேல் வைத்து அளப்போம். தமிழ்நாட்டில் வேப்பிலை, துளசி, நிலவேம்பு என்று இந்த வேலை நடக்காத கல்லூரியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இரண்டு துறைக்கு நடுவில் நிற்பவரின் மேற்கோள்களும் இரண்டு பக்கமிருந்து வருகின்றன. வேதியியல்காரர்கள் எழுதும் ஜர்னல்களை மூன்று தளங்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி எண்ணுகின்றன. நுண்ணுயிரியல் பக்கம், குறிப்பாக நம் ஊரில் வெளியாகும் சின்ன ஜர்னல்கள், மாநாட்டு மலர்கள், பிஎச்.டி. ஆய்வேடுகள் ஆகியவற்றிலிருந்து வரும் மேற்கோள்களை ஸ்காலர் மட்டும்தான் எண்ணுகிறது. என் 612க்கும் 388க்கும் நடுவில் இருந்த பள்ளத்தில் பெரும்பகுதி அதுதான்.

எச்-இன்டெக்ஸ் என்பது என்ன என்று ஒரு வரி. குறைந்தது 10 மேற்கோள் பெற்ற பேப்பர்கள் 10 இருந்தால் எச்-இன்டெக்ஸ் 10. பதினொன்றாக வேண்டுமானால் ஒவ்வொன்றும் 11 மேற்கோளாவது பெற்ற 11 பேப்பர்கள் வேண்டும். ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் இதை முன்வைத்தார். அதே கட்டுரையில் அவரே ஓர் ஒப்பீடும் கொடுத்திருக்கிறார்: அப்போது இயற்பியலில் உச்சத்தில் இருந்த எட்வர்ட் விட்டனுக்கு 110, உயிரியலில் உச்சத்தில் இருந்த சாலமன் ஸ்னைடருக்கு 191. துறை மாறினால் எண்ணின் மதிப்பும் மாறும் என்று கண்டுபிடித்தவரே சொல்லிவிட்டார். படிவம் தயாரிக்கிறவர்களுக்கு மட்டும் அது இன்னும் போய்ச் சேரவில்லை.

இந்த எண்ணின் இன்னொரு கோளாறையும் எங்கள் துறைக்காரர்கள் தினமும் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறோம். புரதத்தின் அளவைக் கண்டுபிடிக்க நீல நிறச் சாயம் ஒன்றைச் சேர்ப்போமே, பிராட்ஃபோர்ட் முறை, அது 1976இல் மேரியன் பிராட்ஃபோர்ட் தனி ஆளாக எழுதிய பேப்பர். ஒன்றரை லட்சம் மேற்கோளைத் தாண்டியது. அதற்கு முந்தைய லௌரி முறை, 1951இல் வந்தது, 3 லட்சத்தைத் தாண்டி உலகிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வுக் கட்டுரையாக நிற்கிறது. எச்-இன்டெக்ஸ் கணக்கில் அந்த ஒன்றரை லட்சமும் பிராட்ஃபோர்டுக்கு ஒரே ஒரு பேப்பர்தான். கடைசியாக எச்சுக்குள் நுழைந்த என் இலைச்சாறு பேப்பரும் எனக்கு ஒன்று. இரண்டுக்கும் ஒரே எடை. இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ள முடியாது.

சரி, தளங்களுக்கு வருவோம்.

கூகுள் ஸ்காலர் 2004 நவம்பரில் வந்தது. கரக்பூர் ஐஐடியில் படித்த அனுராக் ஆச்சார்யாவும் அலெக்ஸ் வெர்ஸ்டாக்கும் தொடங்கியது. இலவசம், எல்லோருக்கும் திறந்திருப்பது. பட்டியலில் இந்த ஜர்னல்தான் சேரும் என்று ஒரு குழு உட்கார்ந்து தேர்ந்தெடுப்பதில்லை. ஆய்வுக் கட்டுரை மாதிரி தெரிகிற எதையும் இயந்திரம் எடுத்துக்கொள்ளும். அதனால் அதன் வலை பெரிசு. 2018இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் முன்னின்று ஒரு பெரிய கணக்கு எடுத்தார்கள்: 2,299 பேப்பர்கள், 252 துறைப் பிரிவுகள், ஏறத்தாழ 24 லட்சம் மேற்கோள்கள். வெப் ஆஃப் சயின்ஸில் இருந்த மேற்கோள்களில் 95 சதவீதமும் ஸ்கோபஸில் இருந்தவற்றில் 92 சதவீதமும் ஸ்காலரில் அப்படியே இருந்தன. அதற்கு மேலும் நிறைய இருந்தன.

ஆக, ஸ்காலர் அநேகமாக எதையும் விடுவதில்லை. எதையும் விடாத வலையில் குப்பையும் வரும், அதுதான் சிக்கல். 2010இல் பிரான்சின் கிரெனோபில் நகரைச் சேர்ந்த சிரில் லாபே என்ற கணினி ஆய்வாளர், அர்த்தமில்லாத கட்டுரைகளைத் தானே எழுதித் தள்ளும் ஒரு மென்பொருளை வைத்து, ஐக் அன்ட்கேர் என்று இல்லாத ஓர் ஆளுக்கு நூறு பேப்பர் தயாரித்து இணையத்தில் போட்டார். ஒவ்வொன்றும் மற்றவற்றை மேற்கோள் காட்டும். ஸ்காலரில் அந்த ஆளின் எச்-இன்டெக்ஸ் 94 ஆனது. 2024இல் அமெரிக்காவில் லாரி என்ற பூனைக்கு 12 பேப்பர், 132 மேற்கோள் வாங்கிக்கொடுத்தார்கள். மேற்கோள் விற்கும் ஆட்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று காட்டத்தான். அந்தப் பூனையின் எச்-இன்டெக்ஸ் 11. ஸ்கோபஸில் எனக்கு அப்போது 9.

என் பக்கத்திலும் குப்பை இருந்தது. ஸ்காலரில் என் பெயரில் 31 உருப்படிகள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஜர்னல் பேப்பர்கள் 25. மிச்சத்தில் என் ஆய்வேடு ஒன்று, மாநாட்டுச் சுருக்கங்கள் இரண்டு, ஒரு பேப்பருக்கு முன்பே வலையேற்றிய வரைவு ஒன்று, புத்தக அத்தியாயம் ஒன்று. முப்பத்தொன்றாவது மீன் குட்டைகளில் அம்மோனியா அளவைப் பற்றியது. நான் மீன் சாப்பிடுவேன், மீன் குட்டை பற்றி எழுதியதில்லை. என் பெயரும் இன்ஷியலும் அப்படியே உள்ள வேறொருவர் எழுதியது. ஸ்காலர் தானாகச் சேர்த்துவிட்டது. அந்த ஒரு பேப்பருக்கு மட்டும் 74 மேற்கோள். அதை நீக்கியதும் 612 என்பது 538 ஆனது, 14 என்பது 13 ஆனது. பொத்தானை அழுத்துவதற்கு முன் ஒரு டீ குடித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இதற்கு மருந்து சுலபம். ஸ்காலர் அமைப்புகளில் 'தானாகச் சேர்' என்பதை மாற்றி, 'எனக்கு மின்னஞ்சலில் கேட்டுவிட்டுச் சேர்' என்று வைத்துவிட வேண்டும். பெயர் பொதுவான பெயராக இருந்தால் இதைச் செய்யாமல் இருப்பது ஆபத்து. தேர்வுக் குழுவில் ஒருவர் உங்கள் பக்கத்தைத் திறந்து மீன் குட்டையைப் பார்த்தால், அது இயந்திரம் சேர்த்தது என்று அவர் நினைக்கமாட்டார்.

ஸ்காலரை விட்டுவிடச் சொல்லவில்லை. யார் என்னை மேற்கோள் காட்டுகிறார்கள் என்று முதலில் தெரிவது அங்கேதான், மற்ற இரண்டிலும் வருவதற்கு முன்பே. பிஎச்.டி. சேர வரும் மாணவர்கள் கைடைப் பற்றி முதலில் தேடுவதும் அங்கேதான். ஆனால் அது ஆவணம் இல்லை. கதவு பூட்டாத வீட்டில் எண்ணிய பணம் மாதிரி.

ஸ்கோபஸ் எல்சவியர் என்ற பதிப்பு நிறுவனத்துடையது. அதுவும் 2004இல்தான் வந்தது. எந்த ஜர்னல் உள்ளே வரலாம் என்று தேர்ந்தெடுக்க வெளி நிபுணர் குழு உண்டு. முழுத் தரவுக்குச் சந்தா வேண்டும். ஆனால் ஒரு தனி ஆய்வாளரின் பக்கத்தை, எத்தனை பேப்பர், எத்தனை மேற்கோள், எச்-இன்டெக்ஸ் எவ்வளவு என்பதை, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். நம் ஊரில் ஸ்கோபஸ் இவ்வளவு செல்வாக்குப் பெற்றதற்கு இது ஒரு காரணம். நிறுவனங்களைத் தரவரிசைப்படுத்தும் என்.ஐ.ஆர்.எஃப். கணக்கில் ஆய்வு வெளியீடுகளுக்கு ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் தரவுகளைத்தான் எடுக்கிறார்கள் என்பது இன்னொரு காரணம். கல்லூரி நிர்வாகம் "ஸ்கோபஸ் பேப்பரா சார்?" என்று கேட்பது அதனால்தான். பேப்பரில் என்ன இருக்கிறது என்று அதற்கப்புறம் கேட்டால் உண்டு.

இங்கேதான் தமிழ்ப் பெயர்க்காரர்களுக்குப் பெரிய சங்கடம். ஸ்கோபஸ் ஒவ்வொரு ஆசிரியருக்கும் தானாகவே ஓர் எண் கொடுத்துப் பேப்பர்களை அதன் கீழ் கட்டுகிறது. அப்படிக் கட்டும்போது குடும்பப் பெயரைத் தேடுகிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்துதான் உண்டு.

என் பெயர் க. முருகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் எழுதிய பேப்பர்களில் 'கே. முருகன்' என்று போட்டேன். பட்டியலில் 'முருகன், கே.' என்று சேர்ந்தது. நல்லது. அப்புறம் ஒரு ஜர்னல் இன்ஷியலை ஏற்க மறுத்தது. முழுப் பெயர் வேண்டும் என்றது. அப்பா பெயரை விரித்து 'முருகன் கந்தசாமி' என்று நிரப்பினேன். அந்த இணையப் படிவத்துக்கு, கடைசியில் வருவதுதான் குடும்பப் பெயர். ஆக, 'கந்தசாமி, எம்.' என்று அச்சானது. அடுத்த ஐந்து பேப்பரும் அதே கணக்கில் இருந்து போனதால் அப்படியே. ஆக மொத்தம் ஆறு பேப்பர், 134 மேற்கோள், எல்லாம் வேறொரு எண்ணின் கீழ். அதாவது, ஆய்வகத்துக்குள் ஒரு நாளும் கால் வைக்காத என் அப்பா ஸ்கோபஸில் ஒரு நுண்ணுயிரியல் ஆய்வாளர். படிவத்தில் எழுத நான் பார்த்த 297 என்பது என் அரைகுறைக் கணக்கு மட்டும்தான்.

பெண்களுக்கு இது இன்னும் மோசம். எங்கள் துறையில் ஒருவர் கல்யாணத்துக்கு முன் அப்பா இன்ஷியலிலும் பின் கணவர் இன்ஷியலிலும் எழுதினார். அவர் ஸ்கோபஸில் இரண்டு ஆள். எதிர்த் திசையிலும் நடக்கும்: எஸ். குமார், எம். ராஜா மாதிரிப் பெயர் என்றால் ஊரில் உள்ள எல்லா எஸ். குமார்களும் ஒரே எண்ணுக்குள் வந்து, எலும்பு மருத்துவத்திலிருந்து எஃகு வார்ப்பு வரை ஒரே ஆள் எழுதியதாகக் காட்டும்.

சரிசெய்ய வழி இருக்கிறது. ஸ்கோபஸிலேயே ஆசிரியர் திருத்தப் படிவம் உண்டு. இரண்டு எண்களையும் தேர்ந்தெடுத்து, இவை இரண்டும் நான்தான் என்று சொல்லி, எந்தப் பெயர் வடிவம் தெரிய வேண்டும் என்று குறித்து அனுப்பினால் போதும். அதற்கு முன் ஆர்கிட் எண் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். 2012இல் தொடங்கிய இலவச அடையாள எண் இது. 16 இலக்கம், கடைசி இடத்தில் சில பேருக்கு எக்ஸ் என்ற எழுத்து வரும். அதைப் பார்த்துப் பிழை என்று பயப்பட வேண்டாம். பெயரை எப்படிப் பிய்த்துப்போட்டாலும் இந்த எண் மாறாது. ஸ்கோபஸ் கணக்கை அதில் இணைத்துவிட்டால் அடுத்த பேப்பர் அப்பாவிடம் போகாது. சித்திரை முதல் நாளுக்கு ஒரு வாரம் முன் நான் விண்ணப்பித்தேன். புத்தாண்டு விடுமுறை அன்று திறந்து பார்த்தபோது இணைந்திருந்தது: 25 பேப்பர், 431 மேற்கோள், எச்-இன்டெக்ஸ் 11. பூனையை எட்டிப்பிடித்துவிட்டேன்.

ஸ்கோபஸில் எனக்குப் பிடித்த இன்னொரு வசதி, சந்தா உள்ள இடத்தில் உட்கார்ந்தால், தன்னைத் தானே மேற்கோள் காட்டியதைக் கழித்துப் பார்க்கலாம். எல்லோரும் ஒரு முறை செய்து பாருங்கள். எங்கள் மாதிரி வேலையில் தன் மேற்கோள் கொஞ்சம் இயல்புதான். முந்தைய பேப்பரில் துகள் செய்த முறையை அடுத்த பேப்பரில் திரும்ப எழுத முடியாது, சுட்டிக்காட்டித்தான் ஆக வேண்டும். கழித்த பிறகு எண் பாதியாகிறது என்றால் அது வேறு விஷயம்.

குறை? ஸ்கோபஸ் பட்டியலில் இருப்பதாலேயே ஒரு ஜர்னல் நல்ல ஜர்னல் ஆகிவிடாது. தரம் சரிந்த ஜர்னல்களை அவர்களே அவ்வப்போது நிறுத்துகிறார்கள். ஏற்கெனவே உள்ளே வந்த பேப்பர்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும், புதியவை வராது. பணம் கட்டி, அச்சாகும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும்போது ஜர்னல் நிறுத்தப்பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்த ஒரு ஆய்வு மாணவரிடம் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்.

மூன்றாவது வெப் ஆஃப் சயின்ஸ். இது குடும்பத்தில் மூத்தது. யூஜீன் கார்ஃபீல்ட் என்ற வேதியியல் படித்த மனிதர் 1955இல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய யோசனையிலிருந்து பிறந்து, 1964இல் அச்சுப் புத்தகமாக வந்த மேற்கோள் அட்டவணைதான் இன்று இணையத்தில் இருக்கிறது. கைமாறிக் கைமாறி 2016இல் தாம்சன் ராய்ட்டர்ஸிடமிருந்து விற்கப்பட்டு, இப்போது கிளாரிவேட் என்ற பெயரில் நடக்கிறது. மூன்றிலும் வலை சின்னது, சல்லடை இறுக்கம். ஒரு ஜர்னலின் அண்மைப் பேப்பர்களுக்குச் சராசரியாக எத்தனை மேற்கோள் என்று காட்ட, இம்பாக்ட் ஃபேக்டர் என்று நாம் சொல்லும் எண் இங்கிருந்து மட்டுமே வருகிறது. வேறு யாராவது ஒரு ஜர்னலின் முகப்பில் விதவிதமான பெயரில் இம்பாக்ட் ஃபேக்டர் போட்டிருந்தால் அது அவர்கள் சொந்தத் தயாரிப்பு.

இந்தப் படிவத்துக்கு முன் எச்-இன்டெக்ஸுக்காக வெப் ஆஃப் சயின்ஸ் பக்கம் போக எனக்கு அவசியம் இருந்ததில்லை. ஆனால் நம் நாட்டில் ஆசிரியர் பணிக்கோ பதவி உயர்வுக்கோ விண்ணப்பிக்கிறவர் அதைத் தவிர்க்கவும் முடியாது. யூஜிசி என்ற பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறையில் ஆராய்ச்சிப் புள்ளிகள் இம்பாக்ட் ஃபேக்டரை வைத்துத்தான் ஏறுகின்றன: 1க்குக் கீழே என்றால் 10 புள்ளி, 1 முதல் 2 வரை 15, 2 முதல் 5 வரை 20, 5 முதல் 10 வரை 25, அதற்கு மேல் 30. கணக்கிட வேண்டியது தாம்சன் ராய்ட்டர்ஸ் பட்டியல்படி என்று 2018இல் எழுதியிருக்கிறார்கள். விற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது.

இந்தப் புள்ளிகளைப் பேப்பர் எழுதியவர்களுக்குள் பிரிக்கும் விதிதான் எங்கள் மாதிரிக் கூட்டு வேலைக்கு உறுத்தல். இரண்டு பேருக்கு மேல் எழுதியிருந்தால் பட்டியலில் முதலில் நிற்கும் ஆசிரியருக்கும், ஜர்னலோடு கடிதப் போக்குவரத்து நடத்தும் கரஸ்பாண்டிங் ஆசிரியருக்கும் 70 சதவீதம், மற்ற ஒவ்வொருவருக்கும் 30. நான்கு பேர் எழுதிய 20 புள்ளிப் பேப்பரில் துகள் செய்த எனக்கு 14. விடிய விடிய இன்குபேட்டரைப் பார்த்து, தட்டு தட்டாக அளந்த நுண்ணுயிரியல் ஆசிரியைக்கு 6. எச்-இன்டெக்ஸிலோ எங்கள் இருவருக்கும் அந்தப் பேப்பர் சமம். ஒரே வேலையை ஒரு கணக்கு வித்தியாசமே இல்லை என்கிறது, இன்னொன்று இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம் என்கிறது. இரண்டையும் ஒரே படிவத்தில் கேட்கிறார்கள். இப்போதெல்லாம் நாங்கள் பேப்பர் தொடங்கும்போதே பேசிவிடுகிறோம்: இந்த முறை முதல் ஆசிரியர் என் மாணவர், கரஸ்பாண்டிங் நீங்கள். அடுத்த முறை மாற்றிக்கொள்வோம்.

இம்பாக்ட் ஃபேக்டர் ஜர்னலின் எண்தான், உங்கள் பேப்பரின் எண் இல்லை என்பதற்கு வேதியியலில் ஓர் அருமையான உதாரணம் உண்டு. படிக அமைப்பைக் கண்டுபிடிக்கும் ஷெல்எக்ஸ் மென்பொருளைப் பற்றி ஜார்ஜ் ஷெல்ட்ரிக் 2008இல் 'ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ' இதழில் எழுதினார். அதைப் பயன்படுத்திய எல்லோரும் அந்த ஒரு கட்டுரையைச் சுட்டினார்கள். 2ஐ ஒட்டி இருந்த அந்த இதழின் இம்பாக்ட் ஃபேக்டர் 2009 கணக்கில் 49.926 ஆனது. அந்த வருடம் அதே இதழில் யாருமே படிக்காத ஒரு கட்டுரை எழுதியவரும் கிட்டத்தட்ட 50 இம்பாக்ட் ஃபேக்டர் உள்ள ஜர்னல்காரர் ஆகிவிட்டார்.

இறுக்கமான சல்லடைக்கும் இன்னொரு பக்கம் உண்டு. 2024 டிசம்பரில் 'கெமோஸ்பியர்' இதழை வெப் ஆஃப் சயின்ஸ் நீக்கியது. சுற்றுச்சூழல் வேதியியல் செய்யும் நம் ஊர் ஆட்கள் பல பேருக்கு அது கனவு ஜர்னல். எனக்குத் தெரிந்த ஒருவர் அதில் ஏற்கப்பட்ட கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டாத குறையாக வைத்திருந்தார்.

திரும்பப் பெறப்பட்ட பேப்பர் விஷயத்தில் மூன்று தளங்களுக்கும் உள்ள வித்தியாசத்தையும் பார்த்துவிடுங்கள். 2020 மார்ச்சில் பிரான்சின் மார்செய் நகரத்து நுண்ணுயிரியல் குழு ஒன்று, ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கொரோனாவுக்கு உதவும் என்று ஒரு பேப்பர் வெளியிட்டது. 2024 டிசம்பரில் ஜர்னல் அதைத் திரும்பப் பெற்றது. இடைப்பட்ட காலத்தில் அது ஆயிரக்கணக்கான மேற்கோள்களை வாங்கியிருந்தது. தவறு என்று மறுத்து எழுதியவர்களும் மேற்கோள் காட்டித்தானே மறுக்க வேண்டும்? எண்ணுகிற இயந்திரத்துக்குப் பாராட்டும் ஒன்று, மறுப்பும் ஒன்று. ஸ்கோபஸிலும் வெப் ஆஃப் சயின்ஸிலும் இப்படிப்பட்ட பேப்பரின் மேல் முத்திரை விழும். ஸ்காலரில் பதிப்பாளர் தலைப்பிலேயே மாற்றிப் போட்டால்தான் தெரியும்.

'உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள்' என்று கல்லூரி வாசலில் பேனர் கட்டுகிறார்களே, அந்தப் பட்டியலும் ஸ்கோபஸ் தரவிலிருந்து வருவதுதான். ஸ்டான்ஃபோர்டின் ஜான் ஐயோனிடிஸ் குழு செய்வது. வாழ்நாள் முழுவதற்கும் ஒன்று, ஒரே வருடத்துக்கு ஒன்று என இரண்டு பட்டியல்கள் உண்டு. பேனரில் எது என்று போடமாட்டார்கள். ஆனால் கணக்கு முறையில் நல்லது ஒன்று இருக்கிறது. மொத்த மேற்கோளையும் எச்-இன்டெக்ஸையும் மட்டும் எடுக்காமல், தனியாக, முதலாவதாக, கடைசியாக நின்று எழுதிய பேப்பர்களின் மேற்கோளைத் தனியே எண்ணுகிறார்கள். 174 உட்பிரிவாகப் பிரித்து, அந்தந்தப் பிரிவுக்குள் ஒப்பிடுகிறார்கள். ஐம்பது பேர் பட்டியலில் இருபதாவதாக நின்று வாங்கிய மேற்கோளுக்கு அங்கே பெரிய மரியாதை இல்லை. என் கட்சி இதுதான்: தேர்வுக் குழுவுக்குக் கொடுக்கும்போது நீங்களும் அதே மாதிரி செய்யுங்கள். மொத்த எண்ணுக்குப் பக்கத்தில், முதல் ஆசிரியராகவோ கரஸ்பாண்டிங் ஆசிரியராகவோ எழுதியவை எத்தனை, அவற்றின் மேற்கோள் எவ்வளவு என்று ஒரு வரி எழுதுங்கள். யாரும் கேட்கமாட்டார்கள். எழுதினால் படிப்பார்கள்.

இதற்கு மேல் போய், எண்ணே வேண்டாம், சிறந்த மூன்று பேப்பரைக் காட்டு என்பவர்களும் இருக்கிறார்கள். 2013இல் வந்த சான்பிரான்சிஸ்கோ பிரகடனமும் பேப்பரின் உள்ளடக்கத்தைப் பார் என்கிறது. இம்பாக்ட் ஃபேக்டரை வைத்து ஆளை எடை போடாதே என்கிறது. நம் நாட்டில் நிதி தரும் அமைப்புகளில் இந்தியா அலையன்ஸ் அதில் கையெழுத்திட்டிருக்கிறது. பிஎச்.டி.க்குப் பிந்தைய வெளிநாட்டு ஆய்வுப் பணியான போஸ்ட்டாக் விண்ணப்பங்களிலும் இது சகஜமாகிவருகிறது. அப்படிக் கேட்கிற இடத்தில் 431ஐ மார்தட்டி எழுதினால் எடுபடாது. எந்தப் பேப்பரில் என் கை எது, அதனால் யார் என்ன செய்தார்கள் என்று நாலு வரி எழுத வேண்டும். எனக்கு இது ஆரம்பத்தில் கஷ்டமாக இருந்தது. என் பேப்பர்களில் அதிக மேற்கோள் வாங்கியது ஒரு ரிவ்யூ. அதில் என் கண்டுபிடிப்பு என்று ஒன்றும் இல்லை, மற்றவர்கள் செய்ததைத் தொகுத்தேன். பெருமையாகச் சொல்லத் தோன்றிய பேப்பருக்கு மேற்கோள் 9. துகள் பத்து வாரம் வைத்திருந்தால் கட்டியாகிச் செயல் இழக்கிறது என்று காட்டிய பேப்பர் அது. 'வேலை செய்யவில்லை' என்று சொல்கிற பேப்பரை யார் மேற்கோள் காட்டுவார்கள்?

ஆக, யார் எதைப் பிடித்துக்கொள்வது? பிஎச்.டி. முடிக்கிற நிலையில் இருப்பவருக்கு எச்-இன்டெக்ஸே தேவையில்லை. 2022 யூஜிசி விதிக்குப் பின் ஆய்வேடு சமர்ப்பிக்க நாடு முழுவதும் கட்டாயமாகப் பேப்பர் போட வேண்டும் என்பதும் இல்லை, உங்கள் பல்கலைக்கழகம் தனியாக வைத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இந்தக் கட்டத்தில் ஆர்கிட் எண் எடுத்து, பெயரை ஒரே வடிவில் எழுதப் பழகினால் போதும். அப்பா பெயரை விரிப்பதா வேண்டாமா என்பதை முதல் பேப்பருக்கு முன் முடிவு செய்யுங்கள். என்னை மாதிரி ஏழாவது பேப்பருக்கு அப்புறம் யோசிக்காதீர்கள்.

கல்லூரி, பல்கலைக்கழக வேலைக்கும் பதவி உயர்வுக்கும் ஸ்கோபஸ் எண்ணை முன்னால் வையுங்கள். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் சரிபார்க்கலாம், குழு உறுப்பினரே போனில் திறந்து பார்த்துவிடுவார். கூடவே, ஒவ்வொரு ஜர்னலின் இம்பாக்ட் ஃபேக்டரையும் அந்தந்த வருடத்து வெப் ஆஃப் சயின்ஸ் கணக்கிலிருந்து எடுத்து நிரப்புங்கள். ஸ்காலர் பக்கத்தின் முகவரியை மட்டும் கொடுங்கள், எண்ணைக் கொடுக்க வேண்டாம். தமிழில் எழுதுபவர், புத்தகமும் உள்ளூர் ஜர்னலும் அதிகம் உள்ளவர் என்றால் கதை வேறு. அவருக்கு ஸ்காலரை விட்டால் வேறு கதி கிடையாது, மற்ற இரண்டும் அவரைக் கண்டுகொள்வதே இல்லை.

எதை எழுதினாலும் தளத்தின் பெயரையும் பார்த்த தேதியையும் சேர்த்து எழுதுங்கள். எண் நாளுக்கு நாள் நகர்வது. நேர்காணல் வருவதற்குள் மாறியிருக்கும்.

அந்தக் கட்டத்தில் கடைசியில் நான் எழுதியது: '11, ஸ்கோபஸ், ஏப்ரல் 14'. கட்டம் சின்னது. 14 கோட்டுக்கு வெளியே போய்விட்டது.